மேலிருந்து விழுந்த காற்று

இடி மின்னலுடன் மழை பெய்யும்போது அந்தந்த இடங்களில் சிறிது நேரத்துக்குப் பலத்த காற்றும் வீசலாம் என்ற எச்சரிக்கையை நான் பத்து வருடங்களுக்கு மேலாக ஒரு பத்திரிகையில் அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் வானிலைச் செய்தி அநேகமாக ஒரே செய்திதான். திகதியை மாற்றினால் போதும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான். நானே பல தடவை வெட்டியிருக்கிறேன். அதை யாரும் வாசிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் யாரும் வாசித்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் லேன் ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான், அத்துடன் மாமா. மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கிழமைக்கு என்று வந்தவர், பதினான்கு மாதங்களாக எங்கள் ஹோலில் படுத்திருந்தார். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் பல வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தார். வெளிநாடு போவதற்காக வந்து, போவதற்காகவே காத்திருப்பவர். விடிந்ததும் பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு, முந்திய இரவு அங்கே யாரும் படுக்கவில்லை என்பதுபோல் நடந்துகொள்வார்.

என்னைப் பாடசாலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது மாமாதான். பின்னேரங்களில் ஹோல் கதிரைகளை இரண்டு இரண்டாக அடுக்கி பஸ் ஆக்குவார். வாசலில் தொங்கிக்கொண்டு, சிங்களக் கொண்டக்டரின் குரலில் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று என்னை முன்னால் தள்ளுவார். அந்த பஸ்ஸில் என்னைத் தவிர வேறு பயணி இருந்ததில்லை. அப்பாவும் ஒருநாள் ஏறினார். மிச்சச் சல்லி தரவில்லை என்று சண்டை பிடித்து இறங்கினார்.

அவருக்கு விசா வந்ததும் வீட்டில் எல்லாம் மாறியது. கட்டாரில் ஒரு கம்பனியில் சாரதி வேலை. இதற்கு முன்பு ஒரு தடவை விசா போலியாகப் போயிருந்தது. இன்னொரு தடவை நெஞ்சு எக்ஸ்-ரேயில் ஏதோ நிழல் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தக் கம்பனி முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. மாமாவுக்கு முப்பத்தைந்து முடிய நாலு மாதம் இருந்தது. ஆகவே இது கடைசி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும், வேறுவிதமாக. மாமா போகக்கூடாது என்று நான் சாமியறையில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாத குறை. சைக்கிள் ஓடக்கூடாது, கடலில் குளிக்கக்கூடாது, தெருவில் வாங்கித் தின்னக்கூடாது.

"போற வரைக்கும் கையைக் காலை வச்சுக்கொண்டு சும்மா இரு, தம்பி."

"சும்மா இருந்து சும்மா இருந்துதானே அக்கா தேய்ஞ்சு போனன்."

"கண்ணாடிச் சாமான் மாதிரி வைக்கலுக்க வச்சுக் கட்டி அனுப்புவம்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அக்காவின் சாமத்திய வீடு வந்தது. அக்கா பெரியபிள்ளையாகி ஒரு மாதம். சடங்கைத் தை மாதத்தில் ஆறுதலாகச் செய்திருக்கலாம். ஆனால் அக்காவின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தேங்காய் உடைக்கத் தாய்மாமன் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு தாய்மாமன். அவரும் ஐப்பசி முடிவதற்குள் விமானம் ஏறப்போகிறார். அவர் போவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாக அமைந்தது. நேரம் பிற்பகல் மூன்று ஐந்திலிருந்து மூன்று ஐம்பது வரை. அவ்வளவு குறுகிய அவகாசத்தில் வெள்ளவத்தையில் எந்த மண்டபமும் கிடைக்கவில்லை. மொட்டை மாடியில் கூடாரம் போடுவதென்று முடிவாயிற்று.

கூடாரத்தை வாடகைக்குக் கொடுத்தவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். காலையில் வந்து, இரும்புக் கால்களைக் கொங்கிரீட் நிரப்பிய பெயின்ற் வாளிகளில் நிறுத்தி, மேலே நீலத் தறப்பாளைக் கட்டி, கயிறுகளை மாடிப்படிக் கூண்டின் ஜன்னல் கம்பியிலும் கைப்பிடிச் சுவரின் குழாயிலும் முடிந்தார். பக்கச் சீலைகளை விரிக்காமல் சுருட்டியே வைத்திருந்தார். அம்மா ஒரு பக்கத்தையாவது மூட வேண்டும் என்றார். கிழக்கே, தரைப்பக்கமாக, புதிதாக ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. அதன் பல்கனிகள் எங்கள் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளையைச் சோடித்து இருத்தும்போது ஊர் பேர் தெரியாத அத்தனை பேரும் மேலேயிருந்து பார்த்தால் கண்ணூறு படும்.

"தங்கச்சி, ஒரு பக்கத்த அடச்சா காத்துக்கு வழி இல்ல" என்றார் பெரியவர். "சீலை பாய் மாதிரி ஊதும். நான் செல்றத செல்லிட்டேன்."

"காத்தே இல்லையே நானா. இலையும் அசையேல்ல."

அது உண்மை. காற்று இல்லை. அவர் போன பிறகு மாமாவும் அப்பாவும் கிழக்குப் பக்கச் சீலையை இறக்கி, அடியில் குறுக்காகக் கயிறு கொடுத்து, இறுக்கிக் கட்டினார்கள். அம்மா சீலையின் நடுவில் வேப்பிலைக் கொத்து ஒன்றையும் செருகினார்.

மற்ற மூன்று பக்கங்களும் திறந்திருந்தன. மேற்கே கடல் தெரிந்தது. வெள்ளவத்தைக்காரருக்கு மழை கடலில் இருந்துதான் வரும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் அதுதான் வழக்கம். கடல் கறுத்தால் கொடியில் காயும் உடுப்பை எடுப்பார்கள். வெளித்தால் மறுபடி போடுவார்கள். அன்று மத்தியானத்திலிருந்து அம்மா என்னை அரை மணிக்கு ஒரு தடவை மேலே அனுப்பினார்.

"போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு வா."

நான் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கடல் தகடுபோல மினுங்கியது. கப்பல் ஒன்று நின்றது. கீழே வந்து "வெளிச்சமாக் கிடக்கு" என்று சொல்வேன். நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் நான் சொன்னது சரி. ஐப்பசியில், இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில், மழை தரைப்பக்கத்தில் மத்தியான வெயிலில் உருவாகிக் கடலை நோக்கி வரும் என்பது எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில்தான் சீலை கட்டியிருந்தது.

மூன்று மணிக்கு அக்காவை மேலே கொண்டுவந்து இருத்தினார்கள். அறுபது பேர் அளவில் இருந்தார்கள். பெண்கள் முன்கதிரைகளில், ஆண்கள் ஓரங்களில். எல்லாருக்கும் வேர்த்தது. வெளிச்சம் திடீரென்று மஞ்சளாக, செம்புத் தண்ணீரின் நிறத்தில் மாறியது. வீடியோக்காரருக்கு மிகுந்த சந்தோஷம். "இந்த வெளிச்சம் காசு குடுத்தாலும் கிடையாது, அசையாதேங்கோ" என்றார். எங்கேயோ இடி உருண்டது. ரயில் போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு ஒரு குளிர் வந்தது. முதலில் கணுக்காலில்தான் பட்டது. சீலைக்கு அடியால் புகுந்து வந்த காற்று, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் காலில் படுமே, அதுபோல. பின்வரிசையில் இருந்த ஒரு மாமி முந்தானையைத் தளர்த்திக்கொண்டு, "அப்பாடா, இப்பதான் உயிர் வந்தது" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தக் குளிர்தான் எச்சரிக்கை என்பதையும், அதற்குப் பிறகு அரை நிமிடம்கூட இருக்காது என்பதையும் நான் வளர்ந்த பிறகு ஒரு கட்டுரைக்காக விசாரித்தபோதுதான் அறிந்தேன்.

இடிமுகிலுக்குள் மழை விழத் தொடங்கும்போது அதனோடு இருக்கும் காற்றும் குளிர்ந்து பாரமாகிறது. சில வேளைகளில் அந்தப் பாரம் முழுவதும் ஒரே மூச்சில் கீழே விழுந்துவிடும். தரையில் பட்டதும் போக வேறு இடம் இல்லாமல் நாலு பக்கமும் பாயும். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில தெருக்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இறங்கும் விமானங்களையே இது நிலத்தில் அடித்திருப்பதால் விமானிகளுக்கு இதைப் படிப்பிக்கிறார்கள். மொட்டை மாடியில் சடங்கு வைப்பவர்களுக்கு யார் படிப்பிப்பது?

கிழக்குச் சீலை உள்ளுக்கு வயிறு வைத்தது. பாத்திரம் அடுக்கிய ராக்கை விழுவதுபோல் ஒரு சத்தம். ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறுகளில் ஒன்று அறுந்தது. அதோடு மேல்தறப்பாள் முழுவதும் ஒரு கொப்பியின் தாளைப் புரட்டுவதுபோல் கிழக்கிலிருந்து மேற்குக்குப் புரண்டது. கிழக்குக் கால்கள் வாளிகளோடு எழும்பின. கொங்கிரீட் வாளி ஒன்று ஆட்களின் தலைக்கு மேலால் போவதை நான் பார்த்தேன். பயப்பட நேரம் இருக்கவில்லை.

மாமா அக்காவுக்கு முன்னால் பால் கிண்ணத்தோடு நின்றார். கிண்ணத்தைப் போட்டுவிட்டு அறுந்த கயிற்றின் நுனியைப் பிடித்தார். பிடித்தது மட்டுமல்ல, பிடி நழுவாமல் இருக்க அதை இடது முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கூடாரம் கட்டுபவர்கள் ஒருபோதும் செய்யாத வேலை அது. தறப்பாள் அவரையும் இழுத்துக்கொண்டு மொட்டை மாடியின் குறுக்கே போனது. கதிரைகள் சரிந்தன. கடல் பக்கக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அது வெளியே தொங்கியபோது, மாமாவின் கை சுவரின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அவர் சுவருக்கு அப்பால் போகாமல் நின்றது அந்தக் கையால்தான். அப்பா தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். தறப்பாள் நாலு மாடி கீழே போய், நிறுத்தியிருந்த வான் ஒன்றின் மேல் விழுந்தது.

பறந்த வாளி அக்காவின் கதிரைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தது. மாமா கயிற்றை இழுத்திராவிட்டால் அது அக்காவின் தலையில் விழுந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அந்த வீடியோவை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதன் பிறகுதான் மழை வந்தது. பத்து நிமிடம். எல்லாரும் மாடிப்படிகளில் நெருங்கி நின்றோம். மாமாவின் இடது கை முழங்கைக்குக் கீழே தவறான இடத்தில் மடிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார் அப்பா.

மாமா கேட்டார்: "நேரம் முடிஞ்சுதோ அத்தான்?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பன்னிரண்டு நிமிசம் கிடக்கு."

"அப்ப முடிச்சிட்டுப் போவம். என்ர கை இனி எங்கையும் ஓடாது."

மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில் ஒரு கதிரையை வைத்து அக்காவை இருத்தினார்கள். மாமாவின் கையைத் துவாயால் சுற்றிக் கழுத்தோடு கட்டினார்கள். வலது கையால் பாலும் அறுகும் வைத்தார். தேங்காயை அப்பா பிடிக்க, மாமா ஒற்றைக் கையால் கத்தியால் தட்டினார். முதல் தட்டில் உடையவில்லை. "மெல்ல, இது என்ர கை" என்றார் அப்பா. இரண்டாம் தட்டில் உடைந்தது. வீடியோவில் மாமா சிரித்துக்கொண்டு நிற்கிறார். முகம் சாம்பல் நிறமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், எங்கள் லேனிலிருந்து மூன்றாவது லேனில், மாடிக் கொடிகளில் உடுப்புகள் நனையாமல் தொங்கியதை அப்பா பார்த்தார். எங்கள் லேனில் இரண்டு மரங்கள் வேரோடு கிடந்தன. அடுத்த நாள் பத்திரிகையில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு, ஆறு கிழமைக்கு. மாமா ஏஜென்சிக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் வாங்க வேண்டும், செவ்வாய்க்கிழமை விமானம். அங்கே போய் இறங்கிவிட்டால் ஒரு மாதம் எப்படியும் சமாளிக்கலாம்.

"ஒத்தைக் கையால என்னெண்டு வான் ஓடுவாய்?" என்றார் அப்பா.

"அங்க எல்லாம் ஒட்டோ கியர் அத்தான்."

அம்மா ஒரு நீளக் கைச்சட்டையின் இடது கையைத் தையல் பிரித்து, அதே நிறத் துண்டு வைத்துப் பெரிதாக்கினார். மாவுக்கட்டு உள்ளே போனது. நீட்டிய கை மடங்கவில்லை என்பதைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை. சனிக்கிழமை மாமா என்னையும் கூட்டிப்போனார். பஸ்ஸிலிருந்து இறங்கியது முதல் என்னைத் தன் இடது பக்கத்தில் ஒட்டி நடக்கச் சொன்னார். சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த விரல்களை நான் என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். விடவே கூடாது. இப்படி ஒரு பொறுப்பை எனக்கு யாரும் அதுவரை தந்ததில்லை. நான் மிகவும் பெருமையோடு நடந்தேன்.

ஏஜென்சி ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்கு ஒரு டொபி தந்தார். நான் அதை வாங்கக் கையை எடுக்கவில்லை. மாமா வலது கையால் ஒப்பமிட்டார். கடவுச்சீட்டு, டிக்கெட், ஒப்பந்தம் எல்லாம் ஒரு உறைக்குள் போனது. உறை மேசையின் நடுவில் இருந்தது.

"மகள், டொபி வேண்டாமோ? மாமாவை விட்டுப் பிரிய ஏலாதோ?" என்றார் அவர்.

"மாமாவின்ர கை முறிஞ்சு போச்சு" என்றேன் நான். "காத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. மொட்டை மாடியில. அவர் கயித்தை விடேல்ல."

ஒரு கிழமையாகப் பாடசாலையில் நான் சொல்லிக்கொண்டிருந்த கதை அது. அங்கே யாரும் என்னை நம்பவில்லை. இங்கே மாமாவே பக்கத்தில் நின்றதால் இவர் நம்புவார் என்று நினைத்தேன் என்பதுதான் என் ஞாபகம். வேறு எண்ணம் ஏதும் எனக்குள் இருந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்பது வயதின் மனதைப் பற்றிச் சாட்சி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அவர் மாமாவைப் பார்த்தார். "எந்தக் காத்து?"

"போன ஞாயிறு" என்றார் மாமா.

"ஞாயிறு இங்க நல்ல வெயில் எறிச்சது தம்பி. பேப்பரிலயும் ஒண்டும் இல்லை. அடிதடியோ? அப்படி எண்டால் சொல்லுங்கோ, நான் பொலிஸ் ரிப்போர்ட் கேக்கப் போறதில்லை."

மாமா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தையல் பிரிந்தது. ஏஜென்சிக்காரர் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. உறையைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டார். கடவுச்சீட்டை மட்டும் வெளியே எடுத்து நீட்டினார்.

"எனக்கும் கவலைதான். ஆனால் அவங்கள் கேட்டது டிரைவர். லிஸ்ற்றில அடுத்த பெடியன் ரெடியா நிக்கிறான்."

படியிறங்கும்போது மாமா என்னை ஏசுவார் என்று எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் நான் தவறாக எதுவும் செய்ததாக எனக்குத் தெரியாது. அவர் ஏசவும் இல்லை. விரல்களை இனிப் பிடிக்கத் தேவையில்லை என்றார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் "மாமா போகேல்லையாம்" என்று ஹோலிலிருந்து குசினி வரை ஓடிச் சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்குத் தலையிடி என்று நினைத்தேன். சாமியறைக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ரயில் பாதையைக் கடந்து, அலை தடுக்கப் போட்ட கற்களில் ஒன்றில் இருந்தோம். மாங்காய் வாங்கித் தந்தார். தான் தின்னவில்லை. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அக்காவுக்கு வந்த பரிசுகளில் மூன்று கைக்கடிகாரங்கள் இருந்தன, அவற்றில் சின்னதை எனக்குத் தந்திருந்தார்கள். மாமாவின் கடிகாரம் மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அலுமாரிக்குள் கிடந்தது.

"எத்தனை மணி, பாப்பம்?" என்றார்.

"அஞ்சு இருபது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "அஞ்சு நாப்பது" என்றேன். அவர் வடக்குப் பக்கமாகத் துறைமுகத்தையும் அதற்கு அப்பாலும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. விமானம் ஐந்து ஐம்பதுக்கு என்பது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

மூன்றாம் தடவை அவர் கேட்டபோது பெரிய முள் பத்தைத் தாண்டி ஒரு கோடு போயிருந்தது. அதையும் பிழையில்லாமல் சொன்னேன்.

"சரி" என்றார் மாமா. "எழும்பு, போவம்."

எனக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று தடவையும் சரியாகச் சொல்லியும் கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை அவரோடு கோபமாக இருந்தேன்.